நாலு மணி வடையும் என் மூக்கும்

போன வாரம் நம் ஸ்கூல் குரூப்பில் ஒருத்தி கேட்டிருந்தாள். பேரன் பேத்திகளோடு லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்திருக்கிறாளாம். சாயங்காலம் நாலு மணிக்குச் சூடாகக் காரமாக ஏதாவது கடிக்க வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, எங்கே போகலாம் என்று கேட்டாள். நீங்களும் ஆளுக்கொரு இடம் சொன்னீர்கள். தெற்கு வாசலில் ஒரு கடை, ராஜகோபுரத்துப் பக்கம் ஒன்று, அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு தள்ளுவண்டி. பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய் வரச் சொன்ன புண்ணியவதியும் உண்டு. கடைசியில் யாரோ, "நம்ம மூக்கி இருக்காளே, அவளைக் கேளுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

இரண்டு தடவை டைப் அடித்து அழித்தேன். குரூப்பில் நாலு வரிக்கு மேல் எழுதினால் நீங்கள் யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். குட் மார்னிங் ரோஜாப்பூக்களுக்கு நடுவே இதையும் தள்ளிவிடுவீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். கேட்டது நீங்கள்தானே.

முதலில் ஒன்று. கொரோனா வந்துபோனதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. பால் தீய்ந்தால் மருமகள் ஓடிவந்து சொன்னால்தான் உண்டு. எல்லோருக்கும் திரும்பி வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. டாக்டர் வயசைக் காரணம் சொன்னார். நான் வேறு காரணம் வைத்திருக்கிறேன். ஆகையால் இன்றைக்கு எந்தக் கடை எண்ணெய் நல்ல எண்ணெய் என்று என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல இடம், மலிவான இடம், ஒன்றே ஒன்றுதான். அது இருந்தது எனக்குப் பத்து வயசாகும்போது. அதை மூடவைத்தது நான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அம்மா பாலைக் காய்ச்சுவதற்கு முன் என் மூக்கருகே நீட்டுவாள். நெய், பெருங்காயம், புது அரிசி, எல்லாம் என் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே போகும். பக்கத்து வீடுகளிலிருந்தும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் கண்ணை மூடி, ஒரு தடவை இழுத்து, தீர்ப்புச் சொல்வேன். "கொழந்தை மூக்கு பொய் சொல்லாது" என்பது எங்கள் தெருவில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்கும்போது எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூக்கு பொய் சொல்லாது, சரி. வாய் சொல்லும். அப்பாவுக்கு ஆற்றுக்கு அந்தப்பக்கம், திருச்சியில், ஆபீஸ். எங்கள் வீட்டில் வெங்காயம் நுழையாது. வாசல்படிகூட ஏறாது. அப்பாவோ தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் ஓட்டலில் வெங்காய ஊத்தப்பத்துக்கு அடிமை. அம்மாவுக்குச் சந்தேகம் வரும் நாட்களில், கழற்றிப் போட்ட சட்டையை என்னிடம் கொடுத்து, "வர்றதாடி?" என்பாள். எதன் வாசனை என்று சொல்லவே மாட்டாள், அந்தப் பெயர்கூட அவள் வாயில் ஏறாது. அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பா பாக்கெட்டிலிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக் காட்டுவார். சட்டை ஊத்தப்பமாகவே மணக்கும். "வரலைம்மா" என்பேன். எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். உத்தர வீதியிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் கடைசி வீடு. வீடு என்றால் பின்கட்டு ஒரு பாதிதான். அதில் ஒரு மாமியும் அவள் பெண்ணும். மாமியின் வீட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்கென்று போனவர். முதலில் பணம் நின்றது, பிறகு கடிதாசு நின்றது. மாமி யாரிடமும் போய் அழவில்லை. அடுப்பை மூட்டி வாணலியை வைத்துவிட்டாள். போர்டு கிடையாது. நாலு மணிக்கு ஒற்றைக் கதவைத் திறந்து வைப்பாள், ஐந்தரைக்குள் பாத்திரம் காலி. எங்களுக்கு அவள் வடை மாமி.

ஒரு நாள் தவலை வடை, ஒரு நாள் மிளகு தூக்கலாகத் தட்டின வடை, வெள்ளிக்கிழமை வாழைக்காய் பஜ்ஜி. எண்ணெயை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள மாட்டாள். மடியாக, ஈரப்புடவையோடு நின்று போடுவாள். வெளியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர்கள் வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வரும். கோயிலுக்கு எதிரே ஓட்டலில் ஒன்று வாங்குகிற காசுக்கு மாமியிடம் மூன்று வாங்கலாம். மூடி நசுங்கிய பித்தளைத் தூக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு நான் தினமும் போவேன். சித்திரை மாதம், ஸ்கூல் லீவு, சந்தில் கால் வைக்க முடியாத சூடு. நிழலுக்கு நிழல் தாவி ஓடி, அந்த ஒற்றைக் கதவை அடைவதற்குள், எண்ணெயில் கறிவேப்பிலை விழுகிற வாசனை பாதி வழியிலேயே வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூக்கு இருக்கிற நீங்கள் நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியின் பெண்ணை நான் அக்கா என்பேன். பத்தொன்பது, இருபது வயசு இருக்கும். அடுப்புக்கு எட்டத்தில் உட்கார்ந்து ஈரத்துணியில் வடை தட்டுவாள். எனக்கென்று ஓரத்தில் உதிர்ந்த மொறுமொறுப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருப்பாள். "இன்னிக்கு உப்பு எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்" என்பாள். மோந்தே சொல்லிவிடுவேன், சிரிப்பாள். அவளை மாமி ஒருநாளும் அடுப்பருகே விட்டதில்லை. காவேரிக்குத் தனியாகக் குளிக்க அனுப்பியதில்லை. "பொண்ணைப் பூவாட்டம் வளக்கறா, போற எடத்துல எப்படிக் குப்பை கொட்டுவாளோ" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். போகிற இடமும் அப்போது நிச்சயமாகிற தறுவாயில் இருந்தது. பிள்ளைக்குப் பொன்மலையில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது, ஆனியில் கல்யாணம் என்று பேச்சு.

ஒரு நாள் மாமி தூக்கில் வடையைப் போட்டு என்னிடம் நீட்டினபோது வந்தது அந்த வாசனை. வெங்காயம். சின்ன வெங்காயம், நசுக்கினது. மிளகையும் எண்ணெயையும் தாண்டி ஒரு நூல் மாதிரி வந்தது. அப்பாவின் சட்டையைத் தவிர நம் பக்கத்தில் எங்கேயும் வராத வாசனை. வீட்டுக்கு வந்து தூக்கை வைத்ததும் அம்மாவிடம் சொன்னேன். "மாமியாத்துல வெங்காய வாசனை வந்ததும்மா."

ஏன் சொன்னேன்? காரணமே கிடையாது. கண்டுபிடித்துவிட்டேன், சொன்னேன், அவ்வளவுதான். அம்மா தூக்கைத் திறக்காமலே கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காலை குழாயடியில் அது, "வாசனை வந்ததாம்" என்று ஆரம்பித்து, குடம் நிறைவதற்குள், "மாவுல அரைச்சுப் போடறாளாம், ருசிக்கு" என்று ஆகிவிட்டது. விரதக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "இத்தனை நாள் நம்ம ஆசாரத்தையே கெடுத்துட்டாளே" என்றாள் எதிர்வீட்டு மாமி. யார் சொன்னது என்று ஒருத்தி கேட்க, அம்மா என்னைக் காட்டினாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமி வீட்டு வாசலுக்குக் கூட்டம் வருவது நின்றது. எங்கள் பித்தளைத் தூக்கு ஆணியில் தொங்கியது. நாலு மணியானால் எனக்கு வாய் ஊறும், வயிறு கத்தும். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் அம்மா தூங்குகிற நேரம் பார்த்து மாமி வீட்டுக்கு ஓடினேன். ஒற்றைக் கதவு திறந்திருந்தது. பாத்திரத்தில் வடை அப்படியே ஆறிக் கிடந்தது. அடுப்பருகே மாமி இல்லை.

உள்ளே போனேன். அக்கா தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை. மாமி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவள் உள்ளங்கையில் சாவிக்கொத்தை அழுத்தி, இன்னொரு கையால் நசுக்கின வெங்காயத்தை அவள் மூக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய டின், அதற்குள் சின்ன வெங்காயம். சாவியும் வெங்காயமும் வலிப்புக்கு ஒன்றும் செய்யாது என்று இப்போது எந்த டாக்டரும் சொல்வார். அன்றைக்கு மாமிக்கு இருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அக்கா அடங்கித் தூங்குகிற மாதிரி கிடந்தாள். மாமி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

"பாத்துட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"உங்கம்மாகிட்ட வெங்காயம்னு சொன்னது நீதானே?"

அதற்கும் ஆட்டினேன்.

"போறது. அவா என்னை வெங்காயக்காரின்னே சொல்லிண்டு போகட்டும். இது மட்டும் வெளியில தெரியப்படாது கொழந்தே. தெரிஞ்சா இவ கழுத்துல ஒருத்தன் தாலி கட்டமாட்டான். சத்தியம் பண்ணு."

"பெருமாள் சத்தியமா சொல்லமாட்டேன் மாமி."

"பெருமாளை விடு. உன் மூக்குமேல சத்தியம் பண்ணு."

மூக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். என் விரலில் அவள் கையின் வெங்காயம் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வருமுன் சந்துக் குழாயில் மூன்று தடவை கழுவினேன்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருப் பெண்டுகள் பாராயணத்துக்குக் கூடுவார்கள். முடிந்ததும் காபி. அந்த வெள்ளிக்கிழமை காபி கலக்கிற நேரத்துக்கு வடை மாமி வந்து நின்றாள். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கையில் மந்தாரை இலைப் பொட்டலம். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நான் வெங்காயம் போடறேன்னு சொல்லிண்டிருக்கேள்" என்றாள் மாமி. "இப்போதான் போட்டுண்டு வந்தேன், சூடு ஆறலை. உங்காத்துக் கொழந்தையே மோந்து பாத்துச் சொல்லட்டும். அவ இருக்குன்னா நான் இனிமே வாணலி வைக்கலை."

அவள் எனக்காகத்தான் வந்திருந்தாள். நான் பார்த்தாயிற்று, எனக்குத் தெரியும், ஆகையால் நான் காப்பாற்றிவிடுவேன் என்று நம்பி வந்திருந்தாள். இது எனக்கு அப்போதே புரிந்தது. பத்து வயசுக்குப் புரியாது என்று தயவுசெய்து யாரும் எனக்குச் சமாதானம் சொல்லாதீர்கள்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். மாமி குனிந்து பொட்டலத்தைப் பிரித்து என் முகத்தருகே நீட்டினாள். கண்ணை மூடி இழுத்தேன். மிளகு, கறிவேப்பிலை, நல்ல எண்ணெய். வடையில் வெங்காயம் இல்லவே இல்லை. ஆனால் இலையைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். புளிக்கு அடியில், நகக்கண்ணில், அது இருந்தது. அன்று மத்தியானமும் அக்காவுக்கு வலிப்பு வந்திருக்க வேண்டும்.

"வர்றதாடி?" என்றாள் அம்மா.

வடையில் வருகிறதா என்று அவள் கேட்கவில்லை. வழக்கம்போல, வர்றதா என்றுதான் கேட்டாள். பத்துப் பன்னிரண்டு பேர் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். ஓர் ஆரஞ்சு மிட்டாய்க்கு எத்தனை தடவை "வரலை" என்றிருக்கிறேன். அந்த ஒரு சொல் போதும். ஆனால் அத்தனை பேரும் என் மூக்கை நம்பிக் காத்திருந்தார்கள். வரவில்லை என்றால், போன தடவை நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். இவள் மூக்கும் பொய் சொல்லும் என்று ஆகிவிடும்.

"வர்றது" என்றேன்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. எதிர்வீட்டு மாமி, "நான் சொல்லலை?" என்றாள். வடை மாமி இலையைத் திரும்ப மடித்தாள். நிதானமாக, ஓரங்களைச் செருகி மடித்தாள். என்னைப் பார்க்காமல், "சரிதான், கொழந்தை மூக்கு பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மை அவள் கையில் இருந்தது, அதைச் சொன்னால் பெண்ணின் வாழ்க்கை போய்விடும். அதனால் வாயைத் திறக்காமல் போனாள். அம்மா என் தலையைத் தடவி எனக்கு அரை டம்ளர் காபி கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு அந்த ஒற்றைக் கதவு திறக்கவில்லை. மாமிக்குத் தில்லை நகரில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. காலை முதல் பஸ்ஸில் போய் இருட்டும் நேரத்துக்குத் திரும்புவாள். பகல் முழுக்க அக்கா தனி.

கல்யாணமும் நடக்கவில்லை. பிள்ளை வீட்டார் குடும்பம் எப்படி என்று விசாரிக்க எங்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள். "பொண்ணு நல்ல பொண்ணு, அம்மாதான் மடின்னு சொல்லிண்டு வெங்காயத்தைப் போட்டு ஊரை ஏமாத்தினவ" என்று தெரு சொல்லி அனுப்பியது. இப்படிப்பட்ட இடத்தில் சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் போய்விட்டார்கள். எதை மறைக்க மாமி வாயைக் கட்டிக்கொண்டாளோ, அது தெரியாமலே கல்யாணம் நின்றது.

ஸ்கூல் திறந்தது. ஆடி மாதம், காவேரியில் தண்ணீர் வந்து ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வரும்போது எங்கள் சந்து அடைத்துக்கொண்டு ஜனம். அக்கா கொல்லைத் தொட்டியில் துணி அலசப் போயிருக்கிறாள். முழங்கால் அளவுத் தண்ணீர், அதில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். பக்கத்துப் போர்ஷனிலிருந்து தண்ணீர் இறைக்க வந்தவர்கள் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தில்லை நகருக்கு ஆள் போய் மாமியை அழைத்துவர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை பாயில் கிடத்தியிருந்த அக்காவின் ஜடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

மாமி வந்தாள். பெண்ணின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "நான் பக்கத்துல இருந்திருந்தா வெங்காயத்தைக் காட்டியிருப்பேனே, என் கண்ணே, வெங்காயத்தைக் காட்டியிருப்பேனே" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருத்தருக்காகப் புரிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இனி அழுவார்கள், மாமியின் காலில் விழுவார்கள் என்று நான் நினைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து தலைக்கு விட்டுக்கொண்டு அம்மா சொன்னது இது: "நல்லவேளை. வலிப்புக்காரப் பொண்ணு தட்டின வடையைன்னா இத்தனை நாளா தின்னிண்டிருந்தோம். உன் மூக்கு நம்மைக் காப்பாத்தித்து."

என் அம்மா கெட்டவள் இல்லை. மாமிக்கு மூன்று நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போயிற்று, அம்மாவே கொண்டுபோய் வைத்து, சாப்பிடவைத்து வந்தாள். இரண்டையும் ஒரே மனுஷிதான் செய்தாள். எனக்கு அது இன்றைக்கும் செரிக்கவில்லை. உண்மை முன்னமே தெரிந்திருந்தாலும் தெரு வடை வாங்கியிருக்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாமிக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அந்த வாரம் ஒரு நாள் அம்மா அப்பாவின் சட்டையை நீட்டி, "வர்றதாடி?" என்றாள். குப்பென்று வந்தது. "வரலை" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அப்பா மிட்டாயை நீட்டினபோது வாங்காமல் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

ஆவணியில் மாமி வீட்டைக் காலிசெய்தாள். அண்ணா வீட்டுக்குப் போகிறாள் என்றார்கள், எந்த ஊர் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் ஸ்கூல் விட்டு வரும்போது ராஜகோபுரத்துக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். ஒரு துணி மூட்டை, அதன் மேல் கவிழ்த்து வைத்த வாணலி. நாலு, நாலேகால் இருக்கும். நான் ஒளிந்துகொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள், "கொழந்தே, இங்க வா" என்றாள்.

போய் நின்றேன். அவள் குனிந்தாள். கூடத்தில் குனிந்த மாதிரியேதான். இலைப்பொட்டலம் இல்லாத வெறுங்கையை என் மூக்கருகே நீட்டினாள்.

"இப்போ வர்றதா?"

கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். சோப்பு வாசனை, வாணலிக் கரி வாசனை. வேறு ஒன்றும் இல்லை. நகக்கண்ணில்கூட இல்லை.

"இல்ல மாமி" என்றேன்.

"ஆமாம்," என்றாள், "இனிமே யாருக்கு நசுக்கப் போறேன்." பஸ் வந்தது. மூட்டையை இடுப்பிலும் வாணலியைக் கையிலுமாக எடுத்துக்கொண்டு ஏறிப்போனாள்.